பாவக் கயிறு

அன்று காலை நாங்கள் கிழங்கு மிதித்துக்கொண்டிருந்தோம். மூன்று இரவு உறைபனியில் வைக்கோல்மேல் பரப்பிக் கிடந்த உருளைக்கிழங்கு, வெயில் ஏறியதும் இளகும். அந்த நேரம் பார்த்து வெறுங்காலால் மிதித்து நீரையும் தோலையும் போக்கிக் காயவைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. கொஞ்சம் பிந்தினாலும் நாறிவிடும். என் மனைவி இனேஸ் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு எதிரே மிதித்தாள். நான் இரண்டு தடவை வழுக்கிக் கிழங்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கோவில்பிள்ளை காலுக்கு லத்தீன்தான் வரும்போல" என்றாள்.

என் தங்கை பெத்ரோனா சிரித்துச் சிரித்து இருமினாள். அதற்குப் பிறகு இனேஸ் என்னைக் கேலி செய்ததாக நினைவில்லை.

நான் அப்போது ரூரிமார்காவில் கோவில்பிள்ளையாக இருந்தேன். இப்போதும் அதே வேலைதான். மணி அடிப்பேன், மெழுகுவத்தி ஏற்றுவேன், கோவில் சாவி வைத்திருப்பேன். எங்கள் சாமியாருக்கு நான்கு ஊர்கள்; அவர் இல்லாத வாரங்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். சின்ன வயதிலேயே ஸ்பானியர்களின் காஸ்தீலிய மொழி எழுதப் படிக்கக் கற்றதால் இந்த வேலை கிடைத்தது.

கிழங்கு பாதி மிதித்திருந்தபோது கீழூரிலிருந்து பெத்ரோனாவின் கணவன் வந்தான். ஓடி வந்திருந்தான். விசாரணைச் சாமியார் நாளை எங்கள் ஊருக்கு வருகிறார் என்றான். லீமாவின் பேராயர் அனுப்பியவர் அவர். ஊர் ஊராகப் போய், ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் பழைய தெய்வங்களை விடாதவர்களைக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. கீழூரின் குகையிலிருந்து முப்பத்திரண்டு மூத்தவர்களை அவர் இறக்கிக்கொண்டு வந்தாராம். மூத்தவர்கள் என்றால் இறந்து உலர்ந்த எங்கள் முன்னோர்கள்; முழங்காலைக் கட்டிக்கொண்டு, நல்ல துணி உடுத்து உட்கார்ந்திருப்பவர்கள். மக்காச்சோளம் விதைக்கும்போதும் அறுக்கும்போதும் அவர்களுக்குத் துணி மாற்றி, சோளக்கள் கொடுத்து வருவோம். அவர்களைச் சந்தையடியில் குவித்து வைத்துக் கொளுத்தினாராம்.

"சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுது. சாம்பல ஆத்துல கொட்டிட்டாங்க. எடுத்து வைக்க ஒரு பல்லுகூட இல்ல" என்றான்.

இனேஸின் கால் நின்றுவிட்டது. பிறகு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். கிழங்கைப் பாதியில் விட முடியாதே. மூவரும் மிதித்து முடித்தோம்.

அவள் பயந்தது எதற்கென்று எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள், மரியா லக்ஸா. முந்தின மழைக்காலத்தில் அம்மை வந்து ஆறாவது வயதில் போய்விட்டாள். சட்டப்படி கோவில் தரைக்கு அடியில் புதைத்தோம். நான்காம் நாள் இனேஸ் சாப்பிடுவதை நிறுத்தினாள். பிள்ளை நெஞ்சில் மண் கனக்கிறது, மூச்சு முட்டுகிறது, கூப்பிடுகிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இது இனேஸின் பித்து அல்ல. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண்ணுக்கு அடியில் இருப்பவர்கள் படும் பாடு, குகையில் காற்றோட்டமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இல்லை. ஆனால் எரிந்துபோனவர்களுக்கு அதற்கு மேல் எதுவுமே கிடையாது. அவர்கள் இன்னொரு தடவை சாகிறார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு துணி மாற்ற ஆள் இல்லை, அழைக்கப் பெயரும் இல்லை.

சாமியார் வேறு ஊருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நான் கோவில் கதவை உள்ளே தாழிட்டேன். நானும் இனேஸும் பெத்ரோனாவும் கல்லைப் பெயர்த்து அவளை எடுத்தோம். அவள் இருந்த இடத்தில் கம்பளியில் கல்லும் வைக்கோலும் சுற்றி வைத்து மூடினோம். புல் கட்டுக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோனோம். அவள் என் அப்பாவுக்கும் என் அப்பாவின் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அந்த இடம் எதுவென்று இங்கே எழுதப்போவதில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவ்வளவு எழுதியதே அதிகம்.

இனி கயிறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பெண்களுக்கு எழுத்து தெரியாது. பாவசங்கீர்த்தனத்துக்கு அவர்கள் கயிறு வைத்திருப்பார்கள். ஒரு தடித்த கயிற்றிலிருந்து தொங்கும் சின்னச் சின்ன நூல்கள். ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு முடிச்சு. ஞாயிறு பூசைக்குப் போகாதது, விரத நாளில் இறைச்சி தின்றது, சண்டை, பொய். நடந்த அன்றே முடிச்சுப் போட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் தடவித் தடவிச் சாமியாரிடம் சொல்வார்கள். இதில் ஒரு கட்டாயம் உண்டு. கையில் பிடித்த கயிற்றில் இருக்கும் முடிச்சு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்றை விட்டால் மொத்தமும் வீண். அதனால் கயிறு சரியாக இல்லாதவர்கள், நல்ல கயிறு வைத்திருப்பவளிடம் இரவல் வாங்கி அதைச் சொல்வார்கள். அடுத்தவள் பாவத்தைச் சொல்கிறோமே என்று யாரும் கூச்சப்பட்டதில்லை. பல பேர் சேர்ந்து சுமந்தால் பாவம் இலேசாகும் என்பதே அவர்கள் கணக்கு. எங்கள் சாமியார் பாதி நேரம் தூங்கிக்கொண்டே கேட்பார். அவர் ஒன்றையும் கண்டுகொண்டதில்லை.

ஊரிலேயே நல்ல கயிறு இனேஸுடையது. அவள் பாவத்தை மட்டும் முடிபவள் அல்ல. அந்த வருஷம் அவளுக்கு நடந்ததெல்லாம் அதில் இருந்தது. மகளை எடுத்த நாளும் இருந்தது.

கிழங்கு மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அந்த முடிச்சைக் காட்டினாள். வேறு கயிறு திரித்துவிடு என்றேன். நடக்காத நாளில் முடிச்சுப் போட்ட கயிறு பொய்க் கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு கடவுள் முன்னால் போக மாட்டேன் என்றாள். அப்படியானால் அந்த ஒன்றை மட்டும் அவிழ்த்துவிடு என்று சொன்னது நான்தான். நகத்தால் முடியவில்லை. எலும்பு ஊசியால் குத்தி அவிழ்த்தாள். நூலை நனைத்து, ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள், சுருக்கம் போவதற்காக. அவிழ்க்கும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து பெண்கள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தி கயிற்றிலும் குகைக்குப் போனது ஏதாவது ஒரு முடிச்சாக இருந்தது. எல்லோரும் அதை அடுப்பில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். இனேஸின் கயிற்றைப் பார்த்து அதே மாதிரி தங்களுக்கும் செய்துகொண்டார்கள். மொத்தம் பதினேழு பேர். நான் அங்கேதான் இருந்தேன். புத்தகம் படித்தவன், காஸ்தீலியர்களோடு பழகியவன், வெளியாள் ஒருவன் காதுக்கு இது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கம்பளி நூல் தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தேன்.

விசாரணைச் சாமியார் மறுநாள் கழுதைமேல் வந்தார். நான் எதிர்பார்த்தது வேறு மாதிரி ஆள். இவர் ஒல்லியாக, மென்மையான குரலோடு இருந்தார். பிள்ளைகளுக்கு உலர்ந்த திராட்சை கொடுத்தார். மலை உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. பிரசங்கத்தில் கோக்கா இலை பிசாசின் இலை என்று சொல்லிவிட்டு, இறங்கி வந்ததும் மூச்சுக்கு நல்லதாமே, கொஞ்சம் கொதிக்கவைத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். கூட ஒரு எழுத்தரும் நான்கு காவலர்களும் வந்திருந்தார்கள். எங்கள் மொழி அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் விசாரணைப் பத்திரம் காஸ்தீலிய மொழியில் இருக்க வேண்டும் என்பதால் என்னை மொழிபெயர்ப்பாளனாகச் சத்தியம் செய்ய வைத்தார்.

தானாக வந்து சொல்பவர்களுக்கு மூன்று நாள் மன்னிப்புக் கெடு கொடுத்தார். யாரும் வரவில்லை. நான்காம் நாள் ஊரே பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார். பெண்கள் கயிற்றோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். பெத்ரோனா முடித்துவிட்டு வெளியே வந்து இனேஸின் காதில் சொன்னதை நானும் கேட்டேன்.

"கறுப்பு ஆட்டுச் சண்டைய சொன்னேன் அண்ணி. கேட்டுட்டுச் சிரிக்கிறாரு. நல்ல மனுஷனாத்தான் இருக்காரு."

புனித யோவான் திருநாளன்று இனேஸ் என்னோடு கறுப்பு ஆட்டை விற்பதா வேண்டாமா என்று சண்டை போட்டிருந்தாள். அதுவும் ஒரு முடிச்சு. பெத்ரோனா அதைச் சொன்ன ஆறாவது ஆள்.

அன்று சாயங்காலம் இலைத் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு, ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு மந்தை என்று விசாரித்தார். பிறகு கேட்டார்.

"இந்த ஊர்ல கறுப்பு ஆடு எத்தனை இருக்கு, அகுஸ்தீன்?"

"ஒண்ணுதான் சாமி. எங்க வீட்டுது."

சொல்லி முடித்த பிறகுதான் என் காது அதைக் கேட்டது: ஊரில் ஒரே ஒரு கறுப்பு ஆடு, அதற்காக அத்தனை பெண்களும் சண்டை போட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இனேஸிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது வெளியே வரக் கூடாதுதானே என்று மட்டும் கேட்டாள். ஆமாம், கேட்டதை அவர் சொல்லக் கூடாது என்றேன். அந்த விதியை அவர் மீறவும் இல்லை. மறுநாள் காலை பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், பெண்கள் எல்லோரும் கயிற்றைக் கோவில் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் அறிவிக்கச் சொன்னார். அறிவித்தது நான்தான்.

முற்றத்தில் ஒரு பாயை விரித்துப் பதினெட்டுக் கயிறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார்கள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தை விளையாட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பதினேழு கயிறுகள் புது நூல். ஒன்று மட்டும் பழசு, கை அழுக்கேறிக் கறுத்தது. அவர் அதை எடுத்து ஒவ்வொரு நூலாக விரலில் ஓட்டினார். ஐந்தாவது நூலில் நிறுத்தினார். பாயின் இந்தப் பக்கம் நின்ற எனக்கும் தெரிந்தது. கறுத்த நூலின் நடுவே நகத்தளவு இடம் மட்டும் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. மாதக்கணக்காக முடிச்சுக்குள் இருந்த இடம். அழுக்குப் படியாத இடம். சுருக்கம் போகவேண்டும் என்றுதான் கல் கட்டினோம். நிறத்தை நாங்கள் நினைக்கவே இல்லை.

"இங்க என்ன இருந்துச்சு மகளே?" என்று இனேஸைக் கேட்டார்.

அவர் காத்திருந்தார். எழுத்தர் இறகைக் கூர் செய்தார். பிறகு அவர், கோபமே இல்லாத அதே குரலில், உனக்கு மறந்திருக்கும், உன் கயிற்றைப் பார்த்துச் செய்தவர்களுக்கு நினைவிருக்கலாம், அவர்களில் ஒருத்தியிடமிருந்து தொடங்குவோம் என்றார். வரிசையைப் பார்த்துப் பெத்ரோனாவைச் சுட்டினார். காவலர்கள் அவளைக் கோவில் தூணுக்கு அழைத்துப்போய் மேல்சட்டையை இறக்கினார்கள். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அவளால் தாங்க முடியாது. முதல் அடியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். கோவில் கல்லைப் பெயர்த்தது, புல்கட்டு, மலை, குகை, எல்லாம். அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனேஸ் தூணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

"அவள விடுங்க. அது என் முடிச்சு. என் மகள நான்தான் கொன்னேன்" என்றாள்.

அவர் தலையைச் சாய்த்து, எப்படி என்று கேட்டார். மகளுக்கு வந்தது அம்மை இல்லை என்றாள். தவளையும் தலைமுடியும் சேர்த்துக் கட்டி அடுப்புக் கல்லுக்கடியில் புதைத்து வைத்தேன், பிசாசு கேட்டான், மகளைக் கொடுத்தேன் என்றாள். இந்தக் கதைகளை எல்லாம் அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று நினைக்கிறீர்கள்? நான்கு நாளாக அவர் பிரசங்கத்தில் சொன்னவை அவை. சூனியக்காரிகள் என்னென்ன செய்வார்கள் என்று அவர் சொன்னதை அவள் அப்படியே அவருக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் நம்பினார். அவர் முகம் அப்போதுதான் முதல் தடவையாக மாறியது, பாவம், வருத்தப்பட்டார். பெத்ரோனாவை விடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பத்திரத்துக்குச் சொல்லு, அகுஸ்தீன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்டாயிற்று, அவருக்குப் புரிந்தாயிற்று. ஆனால் பத்திரத்தில் ஏறாதவரை அது நடந்ததாகாது. நான் மறுத்தால், ஏன் மறுக்கிறாய் என்று கேட்பார். கேட்டால், உனக்கும் மகள்தானே, உனக்கு என்ன தெரியும் என்று கேட்பார். அங்கிருந்து கோவில் தரைக்கு எத்தனை தூரம்? கல்லைத் தூக்கினால் வைக்கோல். வைக்கோலிலிருந்து குகை. இனேஸ் சொன்னது பொய் என்றால் லக்ஸா எரிவாள். லக்ஸாவோடு என் அப்பா, அவர் அப்பா, ஊரின் மூத்தவர்கள் எல்லோரும் எரிவார்கள். நான் இப்படியெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். என் மூத்திரம் காலில் வழிந்துகொண்டிருந்தது. அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

"அகுஸ்தீன்" என்றாள் இனேஸ். கோவில்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

மொழிபெயர்ப்பவன் சொன்னதைச் சொன்னபடியே, சொன்னவர் வாயாகவே சொல்ல வேண்டும் என்பதுதான் நான் செய்த சத்தியம். ஆகவே காஸ்தீலிய மொழியில் சத்தமாகச் சொன்னேன்: என் மகளை நான் கொன்றேன். எழுத்தர் எழுதினார். மெதுவாகச் சொல் என்றார். மறுபடி சொன்னேன்.

தீர்ப்பு அன்றே வந்தது. முடியை வெட்டி, கழுத்தில் கயிறு கட்டி, சுமை தூக்கும் லாமா விலங்கின்மேல் ஏற்றி ஊரைச் சுற்றி வரச் செய்தார்கள். லாமா பாரம் தாங்காமல் இரண்டு தடவை உட்கார்ந்தது. காவலன் அதை உதைத்து எழுப்பினான். ஒவ்வொரு மூலையிலும் அடி. மொத்தம் நூறு. அது நடக்கும் நேரம் முழுவதும் மணி அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. மணிக்கயிறு என் கையில் இருந்தது. பிறகு லீமாவில் ஒரு மருத்துவமனையில் பத்து வருஷம் துணி துவைக்க வேண்டும் என்றார்கள். பதினெட்டுக் கயிறுகளையும் முற்றத்தில் எரித்தார்கள். அவ்வளவுதான் எரிந்தது. விசாரணைச் சாமியாருக்கு மூச்சு முட்டல் அதிகமாகிவிட்டது. குகைகளைத் தேடாமலே அடுத்த வாரம் இறங்கிப் போனார். பெரிய சூனியக்காரி ஒருத்தி கிடைத்துவிட்டாளே.

அவளைக் கொண்டுபோகும் காலையில் ரொட்டி கொடுக்க என்னை விட்டார்கள். முதுகு வீங்கி, அவளால் நிமிர முடியவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். அழுவதற்கு நேரமில்லை என்பதுபோல் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நீ அங்க போகாத. பின்னாலயே வருவாங்க. வருஷம் எத்தன ஆனாலும் போகாத" என்றாள். பிறகு, "அவ காத்தோட்டமா இருக்கா. விடு" என்றாள்.

நான் போகவில்லை. பத்தொன்பது வருஷம் ஆகிறது. மகளின் துணி இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெத்ரோனா ஒரே ஒரு தடவை போக நினைத்தாள். நான் அவள் காலில் விழுந்து தடுத்தேன். புது ஆள் ஒருவன் சந்தைக்கு வந்தால்கூட, அவன் யாரைப் பார்க்கிறான் என்றே இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனேஸ் லீமாவில் இரண்டாவது கோடையில் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று ஒரு கழுதைக்காரன் சொன்னான். கடற்கரை வெக்கை மலைக்காரர்களுக்கு ஆகாது. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். எல்லோரையும் போடும் குழியில்தான் என்றான். மண்ணுக்கு அடியில்தான்.

அப்போது பிறந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரத்தில் இருப்பதுதான். பிள்ளை அடம்பிடித்தால், மகளைக் கொன்றவள் வருவாள் என்று சொல்லித் தூங்கவைக்கிறார்கள். பெத்ரோனாவின் மகளே, அந்த முற்றத்தில் தாயின் வயிற்றில் இருந்தவள், தன் பிள்ளையிடம் அப்படிச் சொல்வதைக் கேட்டேன். பெத்ரோனா என்னைப் பார்த்தாள். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் தெரியும், அவள் கணவனுக்கும் தெரியும், யாரோ ஒருத்தி ஒருநாள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், வந்தவர் வராதவர் பார்க்க ஊர்ப் பெயர்ப் பட்டியலை நான் வாசிக்க வேண்டும். இறந்தவர் பெயரை அடிக்க, இறந்த இடத்துச் சாமியாரின் கடிதம் வேண்டும். கழுதைக்காரன் சொன்னதைக் கொண்டு அடிக்க முடியாது. லீமாவிலிருந்து கடிதம் வரவே இல்லை. அதனால் நாற்பத்தோராவது இடத்தில் இனேஸ் கார்வா என்று இருக்கிறது. வாசிக்கிறேன், யாரும் பதில் சொல்வதில்லை, நாற்பத்திரண்டாவது பெயருக்குப் போகிறேன்.